டப்பா டிரைவர் விற்ற கதை

கோல்ஃப் சாமான் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எதுவும் வாங்க வருவதில்லை, போன ஞாயிற்றுக்கிழமை பந்து ஏன் கோணலாகப் போனது என்பதற்கு என் வாயால் ஒரு காரணம் கேட்டுப் போக வருகிறார்கள். செருப்போ, சீலிங் ஃபேனோ, செல்போனோ, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று ஏதாவது ஒன்றை விற்றுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். புரிகிறவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இது உங்களுக்காகத்தான்.

என் பெயர் அருள்ராஜ். கோலார் தங்க வயலில் ஊரிகம் என்ற இடத்திலிருந்து பதினோரு வருஷம் காலை ரயில் பிடித்து பெங்களூரில் ஒரு கோல்ஃப் கடையில் வேலைக்குப் போய் வந்தேன். அந்தக் கடையை மூடியதும் ரயிலை விட்டேன். இப்போது ஊரிலேயே, எங்கள் கோல்ஃப் மைதானத்தின் ஓரத்தில், ஒரு பழைய ஸ்டோர் ரூமில் கடை வைத்திருக்கிறேன். பந்து, கிளவுஸ் விற்பேன், பழைய ஸ்டிக் ரிப்பேர் செய்வேன். மைதானம் என்றதும் பச்சைப்பசேல் என்று நினைத்துவிடாதீர்கள். கோடையில் சிவப்பு மண்ணும் கல்லும்தான். காற்று அடித்தால், தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து வெள்ளை மணல் பறந்து வந்து கண்ணில் விழும். ஆடுகிறவர்களும் பெரிய ஆட்கள் இல்லை. பென்ஷன்காரர்கள், ஆறு நாள் பெங்களூருக்கு ரயிலில் போய் ஏழாவது நாள் ஸ்டிக்கைத் தூக்குகிறவர்கள்.

சைரன்

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் அடியில் பந்தை ரொம்ப தூரம் அனுப்புவதற்கென்றே ஒரு ஸ்டிக் உண்டு. நீளமான கம்பி, நுனியில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு தலை. அதன் பெயர் டிரைவர். நல்ல கம்பெனி டிரைவர் வாங்க எங்கள் ஊரில் பலருக்கு ஒரு மாதச் சம்பளம் போதாது. பெங்களூர் மொத்த வியாபாரி ஒருவர், வடக்கே ஏதோ சின்னப் பட்டறையில் செய்தது என்று ஒரு கறுப்பு டிரைவரைக் காட்டினார். விலை நாலில் ஒரு பங்கு. அடித்துப் பார்த்தேன், பந்து நன்றாகவே போனது. ஒரு டஜன் எடுத்து வந்தேன்.

முதலில் வாங்கியவன் முருகேசன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. அந்த ஞாயிறே முதல் அடி அடித்தான். காலி டின்னைக் கடப்பாரையால் அடித்த மாதிரி ஒரு சத்தம். மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. பந்து எங்கே போனது என்று ஒருவரும் பார்க்கவில்லை, எல்லோரும் முருகேசனையே பார்த்தார்கள். அன்றைக்கே அதற்கு ‘டப்பா’ என்று பேர் விழுந்துவிட்டது.

அவனோடு எப்போதும் ஜோடி சேர்ந்து ஆடுகிறவர் தேவநேசன். அதே லைனில் பக்கத்து வீடு, எழுபத்து மூன்று வயது. சுரங்கம் மூடும்வரை அங்கே வைண்டிங் டிரைவர். பூமிக்கடியில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜை ஓட்டுகிற வேலை. முருகேசனுக்கு அவர் மாமா முறை, எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. காதைக் கையால் மூடிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து நின்றார்.

“இன்னா அருளு, வெடி வைக்கறதுன்னா முன்னாடியே சைரன் அடிக்க மாட்டியா?”

ஆறு மாதம்

சாந்தி அக்கா ஒரு பேங்கில் ஆபீசர். கல்யாணமாகி கணவரோடு ஆட வந்தவர், கணவர் விட்டுவிட்டார், இவர் விடவில்லை. டப்பா வந்த மாதமே வந்து ஒன்று கேட்டார். நான் தரவில்லை. “அக்கா, இது வெயிட்டு. உங்களுக்கு லேடீஸ் டிரைவர்தான் சரி” என்று, ரொம்ப நாளாக விற்காமல் மூலையில் நின்றுகொண்டிருந்த ஒரு லேசான ஸ்டிக்கை எடுத்துக் கொடுத்தேன். பதினோரு வருஷ அனுபவம் பேசுகிறது என்று அவர் நம்பினார். விற்காத சரக்கு பேசியது என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஆறு மாதம் அவர் பந்து போகவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் கடைக்கு வந்து, தோளை இப்படித் திருப்ப வேண்டுமா, முட்டியை அப்படி மடக்க வேண்டுமா என்று கேட்பார். நானும் சளைக்காமல் சொல்லுவேன். ஒரு நாள் முருகேசன் விளையாட்டாகத் தன் டப்பாவை அவர் கையில் கொடுத்தான். ஒரே அடி. பந்து முருகேசனுடையதைத் தாண்டிப் போய் விழுந்தது. அக்கா நேராகக் கடைக்கு வந்து, லேடீஸ் ஸ்டிக்கைக் கவுண்டர்மேல் வைத்துவிட்டு ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டார்.

“ஆறு மாசமா என் கைதான் சரியில்லன்னு நினைச்சிக்கினு இருந்தேன் அருளு.”

முக்காடு

பெங்களூரிலிருந்து ஒருவர் வருவார். வீடு கட்டி விற்கிறவர், பெரிய கார். சயனைடு மேட்டை நண்பர்களுக்குக் காட்டிவிட்டு, அப்படியே ஒன்பது குழி ஆடிவிட்டுப் போவார். அவருடைய டிரைவர் எந்தக் கம்பெனி என்று சொன்னாலே நான் நிமிர்ந்து நிற்பேன். அன்றைக்கு அதன் கைப்பிடி ரப்பர், அதாவது கிரிப், வழுக்குகிறது என்று என்னிடம் கொடுத்துவிட்டு, ஆட்டத்துக்கு ஒரு டப்பாவை இரவல் வாங்கிப் போனார்.

திரும்பி வரும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது. நண்பர்கள் காரிடம் போகட்டும் என்று காத்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கன்னடம் கலந்த தமிழில், அவருக்கு இயல்பான அதிகாரம் எல்லாம் போய், கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

“இது எனக்கு பேக்கு, வேணும். ஆனா தலைக்கு முக்காடு போட்டுக் குடு, ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரிய வேணாம், வீட்ல சொல்ப கூடத் தெரிய வேணாம்.”

டிக் டிக்

ஏழு டப்பா விற்றிருந்தது. ஊரில் எனக்குப் பேர் வந்திருந்தது. அந்தப் பேர் தலைக்கு ஏறிய சமயம் பார்த்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி வாக்கில், ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் முருகேசன் வந்தான். கையில் டப்பா. ஆட்டினால் தலைக்குள் டிக் டிக் என்று சத்தம். உள்ளே பசைத் துணுக்கு உடைந்து உருண்டால் அப்படி வரும், எந்த விலை டிரைவரிலும் உண்டு.

தலையைக் கம்பியோடு பிடித்து வைத்திருப்பது ஒரு பசை. இரண்டு குழாயிலிருந்து சரிசமமாகப் பிதுக்கிக் கலக்க வேண்டும். பழைய பசையைச் சூடு காட்டி எடுத்து, சுரண்டி, புதுசு வைத்து, ஒரு முழு நாள் அப்படியே விட வேண்டும். மழைக்காலம் என்றால் இன்னும் கூட. அன்று காலையிலிருந்து தூறல்தான். “திங்கக்கிழமை வாங்கிக்கோ முருகேசா” என்றேன்.

“அண்ணா, நாளைக்குக் காலைல ஜோடி கப்பு ஃபைனல்ணா. மாமா இந்த வயசுல முதல் தடவையா கப்புக்குக் கிட்ட வந்துகீறாரு. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்கணா.”

கடையில் புது டப்பா ஐந்து சுவரில் சாய்ந்து நின்றது. அதில் ஒன்றை இரவல் கொடுத்திருக்கலாம். கொடுக்கத் தோன்றியது, கொடுக்கவில்லை. மண்ணில் அடித்த ஸ்டிக்கைப் புதுசு என்று விற்க முடியாது, அவ்வளவுதான் காரணம். பில்டருக்குக் கொடுத்தது வேறு, அவர் வாங்குகிற ஆள் என்று கணக்குப் போட்டுத்தான் கொடுத்தேன். ஆகவே பசை வைத்து ஒட்டி, துணி சுற்றி, மேஜைமேல் படுக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலை ஏழு மணிக்கு முருகேசன் கடை வாசலில் நின்றான். தலையைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. வெளியே போய் ஒரு பந்தை அடித்துப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். தூறலில் செருப்பு சேறாகும் என்று போகவில்லை.

“ஒட்டிக்கிச்சாணா?” என்றான். “கல்லு மாதிரி கீது” என்றேன். அவன் மறுபடி ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

“நீங்க சொன்னா போதும்ணா.”

மூன்றாவது குழி

கடையைச் சாத்திவிட்டு ஸ்கோர் எழுத நானும் அவர்கள் பின்னால் போனேன். முதல் இரண்டு குழியில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் தேவநேசன் மாமா முதலில் அடித்தார். வழக்கம் போல நேராக, பக்கத்திலேயே. அடித்துவிட்டு வலது பக்கமாகச் சில அடி தள்ளி, வேப்ப மரத்தடியில் போய் நின்றார். எல்லோரும் நிற்கிற இடம்தான் அது.

முருகேசன் வீசினான். எப்போதும் வருகிற டப்பா சத்தம் வரவில்லை. பந்து அப்படியே இருந்தது. கையில் வெறும் கம்பி. மாமா முகத்துக்கு நேராக இடது கையைத் தூக்கியதைப் பார்த்தேன். அடுத்து அவர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று முருகேசனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

யாரோ வண்டி எடுக்க ஓடினார்கள். நான் டப்பாவின் தலையைத் தேடினேன். புல்லில் கிடந்தது. கம்பி நுழைகிற ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டேன். பசை நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது, மென்று துப்பிய பபிள்கம் மாதிரி. விரலைப் பேன்ட்டில் துடைத்தேன். அதே சமயம் மைதானக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, “இன்னாப்பா ஆச்சு?” என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. “மலிவு சாமான் சார். அப்படித்தான்” என்றேன்.

பக்கத்தில் முருகேசன் நின்றிருந்தான். கம்பி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. நான் சொன்னது அவன் காதில் விழுந்தது. கம்பியைக் கீழே போட்டுவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

“நான்தாணா விலையைப் பார்த்து வாங்கிட்டேன்.”

பிரித்தது யார்

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கட்டுப் போட்டு, பிரித்து, பயிற்சி எல்லாம் கொடுத்த பிறகும் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. ஸ்டிக்கைப் பிடித்தால் பாதியிலேயே கை நின்றுவிடுகிறது. முருகேசன் கோல்ஃபை நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமா வீட்டுக்குக் காய் வாங்கித் தருவது, கேஸ் சிலிண்டர் தூக்கி வைப்பது, அவரை டாக்டரிடம் கூட்டிப் போவது என்று இருந்தான். சரக்கெடுக்க நான் பெங்களூர் போகிற நாளில் ரயில் ஸ்டேஷனில் என்னைப் பார்த்தால், “உங்க பேரு கெட்டுப்போச்சே என்னாலன்னு கஷ்டமா கீதுணா” என்று என்னிடமே வருத்தப்படுவான். நான் அவன் தோளைத் தட்டிக் கொடுப்பேன். தட்டிக் கொடுத்தேன் என்று எழுதவே இப்போது கூசுகிறது.

போட்டிகளில் டப்பாவைக் கமிட்டி தடை செய்துவிட்டது. விற்காத ஐந்தையும் மொத்த வியாபாரிக்கே திருப்பி அனுப்பினேன், கோபமாக ஒரு மெசேஜும் போட்டேன். விற்றதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கொடுத்தேன். நேர்மையான கடைக்காரர் என்று நாலு பேர் சொன்னார்கள். சாந்தி அக்கா மட்டும் தர மறுத்தார். ஒரு நாள் தன் டப்பாவோடு கடைக்கே வந்தார். அதன் தலையைப் பிடித்து முறுக்கினார், கம்பியை முறுக்கினார், என் முன்னால் தரையில் தட்டிக்கூடக் காட்டினார்.

“பத்து மாசமா அடிக்கிறேன், தலை அப்படியே கீது. அவனுதைப் பிரிச்சு ஒட்டினது யாரு அருளு?”

கஃப் பட்டன்

அதற்குப் பிறகும் இரண்டு ஞாயிறு போக விட்டேன். மூன்றாவது ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஊரிகம் லைனுக்குப் போனேன். மாமா சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை நீட்டியிருந்தார், முறிந்த இடது கையால் அதற்குப் பட்டன் போட வராது. முருகேசன் குனிந்து அவர் முழுக்கைச் சட்டையின் கஃப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தக் கோயில் கிடையாது, கொண்டுபோய் விட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே பைக்கில் உட்கார்ந்திருப்பான்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். “மாமா, சாமான்மேல தப்பு இல்ல. பசை காயல. ஒரு நாள் விடணும், நான் விடல. அன்னிக்கு ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பார்த்தேன், ஈரமா இருந்துச்சு. தெரிஞ்சிக்கினேதான் மலிவு சாமான்னு சொன்னேன். முருகேசா, உன்மேல ஒரு தப்பும் இல்ல.”

முருகேசன் நிமிரவில்லை. பட்டன் ஓட்டைக்குள் போகாமல் விரலிலேயே நழுவியது. மறுபடி முயன்றான். போட்டு முடித்தான். எழுந்து போய் பைக்கை உதைத்தான், ஒரு உதையில் கிளம்புகிற வண்டி அன்று மூன்று உதை வாங்கியது. மாமா எழுந்து என் பக்கத்தில் வந்தார். “எத்தினி மணி நேரம் விட்ட?” என்றார். “பன்னெண்டு” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்து, வலது கையால் முருகேசன் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னது இதுதான்.

“ஷிஃப்ட்டு ஆளுங்களை இறக்கறதுக்கு முன்னாடி காலி கேஜை ஒரு தபா இறக்கி ஏத்திப் பார்ப்போம் அருளு, நீ ஒரே ஒரு பந்து அடிச்சுப் பார்த்திருக்கலாம்.”

பட்டறை

கமிட்டியில் சொன்னேன். கடையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று சாவியைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். ரிப்பேர் ஸ்டிக்கை ஒரு நாளைக்கு முன்னால் தரக் கூடாது என்று என் கடைக்குள்ளேயே என் கையால் எழுதி ஒட்டச் சொன்னார்கள், அதோடு விட்டார்கள். சாவி பாக்கெட்டில் இருந்தபடியே வீட்டுக்கு வந்தது.

மொத்த வியாபாரிக்கு மெசேஜ் போட மனசு வரவில்லை, போனே செய்தேன். அந்தப் பட்டறை சரக்கில் குறை எதுவும் இல்லை, தப்பு என்னுடையது, மறுபடி ஒரு டஜன் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கோபக்காரர் இல்லை. கோபம் இல்லாமலேதான் சொன்னார்.

“நீங்க சொன்னதை நம்பி அவங்ககிட்ட வாங்கறதையே நிறுத்திட்டேன் சார், இப்ப அவங்க அந்த டிரைவரே செய்யறதில்ல.”

அவசரமில்லை

இது நடந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. தேவநேசன் மாமா மறுபடி மைதானத்துக்கு வருகிறார். பெரிய அடி எல்லாம் இல்லை. குழிக்குப் பக்கத்தில் நின்று, வலது கையால் மட்டும் பந்தைத் தள்ளுகிறார். போனால் சிரிக்கிறார், போகாவிட்டாலும் சிரிக்கிறார். என் கடையில் டீ குடிக்கிறார். கப்பைப் பற்றி அவர் பேசியதில்லை. அந்தக் கப் அந்த வருஷம் வேறு இரண்டு பேர் வீட்டுக்குப் போனது. அவர் வயதுக்கு இன்னொரு ஃபைனல் வருமா என்று நானும் கேட்டதில்லை.

முருகேசனும் மறுபடி ஆடுகிறான். அவரோடு வருவான், கடைக்குள் வரமாட்டான். ரயில் ஸ்டேஷனில் பார்த்தால் வேறு பெட்டிக்குப் போய்விடுவான். அவன் ரிப்பேர் எல்லாம் பெங்களூரில் என்று கேள்விப்பட்டேன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எட்டு மாதம் அவன் சுமந்தது என் சுமை.

போன ஞாயிறு வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது கவுண்டரில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் முருகேசன். கையில் ஒரு பழைய இரும்பு ஸ்டிக், கிரிப் கிழிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் நான் எழுதி ஒட்டியிருந்ததைப் படித்தான். முழுசாகப் படித்தான். ஸ்டிக்கைக் கவுண்டர்மேல் வைத்தான். வெறும் கிரிப் மாற்றுகிற வேலை, அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடலாம். “உக்காரு முருகேசா, இப்பவே…” என்று ஆரம்பித்தேன். அவன் ஏற்கெனவே வெளியே திரும்பியிருந்தான். வாசற்படியில் ஒரு கணம் நின்றான். ‘அண்ணா’ என்ற வார்த்தை வருமா என்று காத்திருந்தேன்.

“எனக்கு அவசரம் இல்ல, அடுத்த மாசம் குடுங்க.”

இத்தனை வருஷத்தில் என் கடையிலிருந்து வெளியே போன சரக்கிலேயே மட்டமானது எது என்று யாராவது கேட்டால், கறுப்பு டிரைவரைக் காட்ட மாட்டேன், வேப்ப மரத்தடியில் நான் கமிட்டிக்காரரிடம் சொன்ன அந்தப் பதிலைத்தான் சொல்வேன்.